கட்டில் பதினாலில் கியர் பெட்டி

நோயாளியின் வயிற்றின் மேல் பல்சக்கரத்தை வைத்தது வைத்திலிங்கத்தின் தப்புதான். அதுவும் வயிற்றில் கட்டி உள்ள நோயாளி. ஆனால் டாக்டர் வரும் நேரம் நெருங்கிவிட்டது, கட்டிலில் வேறு இடமும் இல்லை. மஞ்சள் பையில் இன்னும் நாலு உருப்படி பாக்கி இருந்தது.

"இது என்னாண்ணே? சீக்கிரம் சொல்லு."

அண்ணன் தெய்வசிகாமணி கண்ணைத் திறக்கவில்லை. விரலால் பல் பல்லாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு சுற்று முடிந்தது. ஆரம்பித்த பல் எதுவென்று மறந்துபோய் இன்னொரு சுற்று போனார். வைத்திலிங்கம் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தேர்டு கியரு," என்றார் கடைசியில். "நடு ஷாஃப்ட்ல, பின்னாடிலேர்ந்து ரெண்டாவதா போடு."

"நல்லாத் தெரியுமாண்ணே?"

"முப்பது வருஷம் கமியோன் ஓட்டினவனக் கேக்கற கேள்வியாடா இது?"

கமியோன் என்றால் லாரிதான். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து லாரி ஓட்டியவர்களுக்குப் புதுச்சேரியில் அந்த வார்த்தைதான் வாயில் வரும். கொடி மாறி இரண்டு வருஷம் ஆகியும் தெய்வசிகாமணியின் வாய் மாறவில்லை.

அந்தக் கமியோன் இப்போது மூலக்குளத்தில், வீட்டை ஒட்டிய கீற்றுக் கொட்டகையில், இருநூற்றுச் சொச்சம் உருப்படிகளாகக் கிடந்தது. கல்லும் மண்ணும் ஏற்றி உழைத்த வண்டி. கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரக் காண்ட்ராக்டரிடம் வாங்கியது. கியர் பெட்டி கத்துகிறது என்று புரட்டாசியில் தெய்வசிகாமணி அதைப் பிரித்தார். பின் அச்சு வரைக்கும் பிரித்து, ஒவ்வொரு உருப்படியிலும் சாக்பீசால் நம்பர் போட்டு வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஆயுத பூசை. அண்ணி வரலட்சுமி, புருஷன் பிழைத்து வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஒரு உருப்படி விடாமல் புளி போட்டுத் தேய்த்தாள். சாமி படத்துக்கு முன்னால் சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வைத்திலிங்கம் வேலை முடிந்து வந்து பார்த்தபோது இரும்பெல்லாம் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது.

"நம்பர் எல்லாம் எங்க அண்ணி?"

"எந்த நம்பரு? ஏதோ வெள்ளையா கிறுக்கியிருந்துது. அழுக்குன்னு தேச்சிட்டேன் தம்பி."

அதை அப்படியே விட்டிருக்கலாம். விடுவதற்கு வழி இல்லாமல் கார்த்திகையில் டாக்டர் கையை விரித்துவிட்டார். இரண்டு வாரம் தாங்கினால் பெரிது, உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். வரலட்சுமி வார்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"உசிரோட வாசப்படி தாண்டிடணும் தம்பி. வெளிய போன உசிருன்னா ஊருல உள்ள விடமாட்டாங்க, தெருவுலதான் கெடத்தணும். அவரு கட்டின வீட்டுல அவருக்கே எடமில்லாமப் பண்ணிடாத."

வைத்திலிங்கம் அன்றைக்கே மாட்டுவண்டி பேசி, வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். தெய்வசிகாமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என் கமியோன்லதான் போவேன்."

"அது பிரிச்சிக் கெடக்குதேண்ணே!"

"பூட்டு. பூட்டி எடுத்தா. எனக்கு வேற என்னாடா ஆசை இருக்குது?"

சாகப்போகிற மனுஷன் கடைசியாக ஒன்று கேட்கிறார். முடியாது என்று எந்தத் தம்பி சொல்வான்? மாட்டுவண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

வைத்திலிங்கம் மில்லில் தறி ஓட்டுகிறவன். லாரியை ஓட்டவும் தெரியும், அண்ணன் பழக்கிவிட்டிருந்தார். ஆனால் திறந்து பார்த்ததில்லை. அதனால் பஸ் கொட்டகையில் ஃபிட்டராக இருந்த சக்கரபாணியைக் கையோடு கூட்டிவந்தான். பாகம் எதுவென்று அவருக்கும் தெரியாத போதெல்லாம், அதைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து அண்ணனிடம் கேட்பது என்று ஏற்பாடு. சக்கரபாணிக்கு இங்கிலீஷ் லாரிதான் பழக்கம் என்பதால் முக்கால்வாசி உருப்படி ஆஸ்பத்திரிக்கு வந்துதான் போயிற்று.

வயிற்றின் மேல் வைத்த அந்தப் பல்சக்கரத்தைக் கொட்டகையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் சக்கரபாணி.

"இவ்ளோ பெருசா தேர்டு கியரு? பெரிய சக்கரம்னா ஃபர்ஸ்டு கியராச்சே?"

"அண்ணன் தடவிப் பாத்து சொன்னாரு."

"அப்பச் சரி. உங்கண்ணன் சொல்லி நான் மாத்தறதாவது."

மாட்டினார்கள். எஞ்சினைக் கிளப்பி கியரைப் போட்டதும் வண்டி ஒரு விக்கல் விக்கியது. பெட்டிக்குள் 'கடக்' என்றது. அப்புறம் கியர் கம்பி அசையவில்லை, வண்டியும் அசையவில்லை. திறந்து பார்த்தால் எண்ணெய்க்கு அடியில் இரண்டு பல் உடைந்து கிடந்தது. சக்கரபாணி அதைத் துணியில் முடிந்து கொடுத்தார்.

மறுநாள் அந்த முடிச்சோடு வைத்திலிங்கம் வார்டுக்குள் நுழைந்தபோது, வார்டு வேலை பார்க்கும் அம்மாவாசை துடைப்பத்தோடு வழியை மறித்தார்.

"யோவ் தம்பி, இது ஆஸ்பத்திரியா, பட்டறையா? கட்டிலுக்கு அடியில துடைப்பம் போவல. போன வாரம் உன் கிளட்ச் மூடிய, மூத்திரப் பாத்திரம்னு நெனச்சி பதினாறாம் நம்பருக்குக் குடுத்துட்டேன்."

"ஐயையோ! எங்க அது?"

"கழுவி வச்சிருக்கேன், எடுத்துக்கினு போ."

தெய்வசிகாமணி உடைந்த பற்களைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பொட்டி அவுட்டு," என்றார். "இனிமே மூணே வழிதான். ஒண்ணு, இதே பொட்டிக்கு அசல் பல்சக்கரம். பிரான்ஸ்லேர்ந்து கப்பல்ல வரணும்."

"எத்தினி நாளாவும்?"

"ஆறு மாசமாவும். அதான் இருக்கறதுலயே நல்ல வழி. இன்னிக்கே எழுதிப் போடு."

டாக்டர் கொடுத்த இரண்டு வாரமே தாண்டிவிட்டது. அண்ணனோ ஆறு மாசம் என்று சாதாரணமாகச் சொல்கிறார். வைத்திலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தான்.

"ரெண்டாவது வழி சொல்லுண்ணே."

"சண்டைக்காலத்து மிலிட்டரி லாரிப் பொட்டி. மெட்ராசுல பழைய இரும்புக் கடையில கெடைக்கும். ஜாதியே வேற, ஆனா கொஞ்சம் வேலை பண்ணினா ஒக்காந்துக்கும்."

"மூணாவது?"

"இதே கம்பெனி பஸ்ஸோட பொட்டி. அது அப்பிடியே பொருந்தும். ஆனா இந்தச் சுத்துவட்டாரத்துல எங்கயும் கெடைக்காது, தேடாத."

அந்த நேரத்தில் டாக்டர் வந்தார். நாடியைப் பிடித்தார். அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

"இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

"வண்டி ரெடியாவலைங்க டாக்டர். அந்த வண்டிக்காகத்தான் உசிரப் புடிச்சிக்கினு இருக்காரு," என்றான் வைத்திலிங்கம்.

டாக்டர் தெய்வசிகாமணியைப் பார்த்தார். தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

வைத்திலிங்கம் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு மெட்ராஸ் போனான். மிலிட்டரிப் பெட்டியை வாங்கி, பஸ் மேலே ஏற்ற இரண்டு ஆளைப் பிடித்தான். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். "இது நடந்து வரலையே சார்," என்று கேட்டதற்கு, "அதனாலதான் அரை டிக்கெட்டு இல்ல, முழு டிக்கெட்டு," என்றார்.

கொட்டகையில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் எல்லா ஓட்டையும் அரை விரல்கடை தள்ளி இருந்தது. பிரெஞ்சு வண்டிக்கு மில்லிமீட்டர் கணக்கு, இதற்கு இஞ்சுக் கணக்கு. ஒரு போல்ட்கூட உள்ளே போகவில்லை. மறுபடியும் ஆஸ்பத்திரி.

"ஓட்டையப் பெருசு பண்ணுங்கடா," என்றார் அண்ணன்.

"வார்ப்பு இரும்புண்ணே. விரிசல் விட்டுடாது? சக்கரபாணி பயப்படறாரு."

"நல்லா அகலமாப் பண்ணச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

நல்லா அகலமாகப் பண்ணினார்கள். நாலாவது ஓட்டையில் எஞ்சினோடு பெட்டியைச் சேர்க்கும் கூடு மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. சக்கரபாணி துளைக்கிற கருவியைக் கீழே வைத்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே வரலட்சுமி எல்லாச் சாமியையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.

விரிசலை ஒட்டவைக்க ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் தெய்வசிகாமணி தினம் மூன்று வாய் கஞ்சி குடித்தார். கூட்டிவந்துவிட வேண்டும், கூட்டிவந்துவிட வேண்டும் என்று வைத்திலிங்கத்துக்குத் தூக்கத்திலும் அதே நினைப்பு. மில்லில் இரண்டு தரம் நூலை அறுத்துவிட்டு வசவு வாங்கினான்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது சக்கரபாணி ஓடிவந்தார்.

"வில்லியனூர்ல ஒருத்தரு கோழி அடைக்க ஒரு பழைய பஸ் வச்சிருக்காரு. அதே கம்பெனி! பொட்டி அப்பிடியே இருக்குது!"

கோழிக்காரர் தங்கமான மனுஷன். சாகப்போகிறவரின் ஆசை என்றதும் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பெட்டியைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குக் கோழி எச்சம். சுரண்டிக் கழுவிவிட்டுத் தூக்கிவைத்தால், அளந்து செய்த மாதிரி உட்கார்ந்தது. வைத்திலிங்கம் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

"அண்ணே! பஸ் பொட்டி கெடச்சிடிச்சி! அப்பிடியே ஒக்காந்துடிச்சி!"

தெய்வசிகாமணி மேலே சுழலாமல் நின்ற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே?"

"பஸ் பொட்டின்னா..." என்றார் மெதுவாக. "அது எதிர்ப்பக்கமாச் சுத்தும்டா. பின் அச்சைத் தலைகீழாத் திருப்பிப் போடணும். இல்லன்னா எல்லாம் நொறுங்கிடும்."

வைத்திலிங்கம் கொட்டகைக்குத் திரும்பி இதைச் சொன்னதும் சக்கரபாணி, "சத்தியமா நான் இப்பிடிக் கேள்விப்பட்டதே இல்ல," என்றார். ஆனாலும் திருப்பினார். நான்கு பேர் பிடித்து, பின் அச்சைப் புரட்டிப் போட்டு முடுக்க மூன்று நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் காலையில் எஞ்சின் கிளம்பியது. வைத்திலிங்கம் இடதுபக்க ஸ்டியரிங்கைப் பிடித்து ஃபர்ஸ்ட் கியர் போட்டான். வண்டி கம்பீரமாக நகர்ந்து, பின்பக்கமாகப் போய்க் கொட்டகையின் கீற்றுச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே நின்றது. செகண்ட் போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால் போனது.

"அச்சு திரும்பினதால எல்லாமே திரும்பிப்போச்சி," என்றார் சக்கரபாணி. "முன்னாடி போற நாலும் இப்ப பின்னாடி. ரிவர்ஸ் போட்டாத்தான் முன்னாடி போவும்."

"அப்ப அதையே போட்டுக்கினு போறேன்."

"அது ஒடஞ்சிருக்குதுய்யா. அதனாலதானே பஸ்ஸ கோழிக்கு வுட்டாங்க!"

மறுபடியும் அச்சைப் புரட்ட வேண்டும், இன்னும் மூன்று நாள் என்று சக்கரபாணி கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்துவிட்டது. காலையிலிருந்து மூச்சு ஒரு மாதிரி இழுக்கிறது, இன்றைக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர்.

வைத்திலிங்கம் ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்தான். "ஏறுங்க அண்ணி," என்றான்.

மூலக்குளத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் பின்பக்கமாகவே வந்தான். கழுத்தை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, தேர்ட் கியரில். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி ஹாரனை அழுத்தினான்.

கட்டில் பதினாலில் தெய்வசிகாமணி கண்ணை அகலத் திறந்தார்.

"அது... அது எந்த வண்டி?"

"நம்ப கமியோன்தாண்ணே! ஓடிடிச்சி!"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காது வரைக்கும் வழிந்தது. "சந்தோஷம் தாங்கல அவருக்கு," என்று வரலட்சுமியும் அழுதாள்.

"அச்சைத் திருப்பிப் போட்டியா?"

"நீ சொன்ன மாதிரியே போட்டேன்."

"அப்பறம் எப்பிடிடா ஓடும்?"

"பின்னாடியே ஓட்டியாந்தேண்ணே!"

தெய்வசிகாமணி நாலு மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ரொம்ப நேரமாயிற்று. மூச்சு வந்ததும், "பிரேக்குப் பாத்தியா?" என்றார். பார்த்தாயிற்று. "டயருல காத்து?" அதுவும் பார்த்தாயிற்று. "டாப்பு கியர்ல ஒரு சத்தம் கேக்குமே, இன்னொரு தரம் கழட்டிப் பாத்துட்டு நாளைக்கு வாயேன்."

"இந்த நேரத்துலயும் வண்டி மேலயே நெனப்பு பாருங்க," என்றாள் வரலட்சுமி.

அவர் மறுபடியும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். அம்மாவாசைதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். ஸ்ட்ரெச்சரை ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதால் அவரும் லாரியில் ஏறிக்கொண்டார்.

தலையை எஞ்சின் பக்கம் வைத்துப் படுக்கவைத்தார்கள். வண்டி கொஞ்ச தூரம் போனதும் வரலட்சுமி அலறினாள்.

"நிறுத்து தம்பி! கால் முன்னால போவுது! பொணத்ததான் கால முன்ன வச்சி எடுப்பாங்க!"

நெல்லித்தோப்பில் நிறுத்தித் திருப்பிப் படுக்கவைத்தார்கள். இப்போது தலை முன்னால் போயிற்று. ஆனால் பின்கதவுக்குக் கொக்கி இல்லாததால், அம்மாவாசை அதை முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. அப்படியும் தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னும் இல்லய்யா!" என்று உள்ளிருந்து தெய்வசிகாமணி கத்தினார்.

ரெட்டியார்பாளையத்தில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது டவுனுக்குப் போற வண்டியா, டவுன்லேர்ந்து வர்ற வண்டியா?"

"வீட்டுக்குப் போற வண்டிங்க," என்றான் வைத்திலிங்கம். அவன் குரல் உடைந்ததைக் கேட்டு, போலீஸ்காரர் வேறொன்றும் கேட்காமல் வழிவிட்டார்.

வழி நெடுக அவன் பின்னால்தான் பார்த்து ஓட்டினான். அதனால் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். செத்துவிடாதே, செத்துவிடாதே, வாசற்படி வரைக்கும் வந்துவிடு என்று வாய்விட்டே சொன்னான். அண்ணன் கண் இமைக்கிறதா என்று பார்ப்பான், இமைக்கும், கியரை மாற்றுவான். பிள்ளை மாதிரி வளர்த்த அண்ணன். அழுகை வந்தால் ரோடு தெரியாது என்பதால் அழாமல் ஓட்டினான்.

மூச்சு இருந்தது. வாசற்படி தாண்டும்போதும் இருந்தது. கூடத்தில் கிடத்தியபோது தெய்வசிகாமணி சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். சொந்தக்காரர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். ஒரு டம்ளர் பாலும் ஸ்பூனும் ரெடியாக இருந்தது. யார் முதலில் ஊற்றுவது என்று பங்காளிகளுக்குள் மெதுவான குரலில் ஒரு சண்டை.

"உசிரோட உள்ள வந்துட்டாரு, அது போதும்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள் வரலட்சுமி. வைத்திலிங்கத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வைத்திலிங்கம் வெளியே வந்தான். அம்மாவாசை ஸ்ட்ரெச்சரை மடித்து வைத்துக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன் அம்மாவாசண்ணே. எங்கண்ணன் ஆசைய நெறவேத்திட்டேன்," என்றான் வைத்திலிங்கம். துண்டில் முகத்தைத் துடைத்தான். "ஒண்ணுதான் மனசுக்குக் கேக்கல. எப்பேர்ப்பட்ட மெக்கானிக்கு அவரு! கடைசியில ஒரு பல்சக்கரம்கூட எதுன்னு சொல்லத் தெரியாமப் போயிட்டாரு. அந்த நோவு மூளையயும் தின்னுடிச்சி."

அம்மாவாசை கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் தெரியும் தம்பி. நீ பையத் தூக்கிக்கினு அந்தாண்ட போனதும், எது எங்க மாட்டறதுன்னு எனக்கு ஒண்ணொண்ணாச் சரியாச் சொல்லுவாரு. சொல்லிட்டு, 'லாரி ஓடிடிச்சின்னா வீட்டுக்குக் கூட்டிம்போயிப் பால ஊத்திடுவானுங்க அம்மாவாசை, நாளைக்கு எதத் தப்பாச் சொல்லலாம்?'னு கேப்பாரு."